கார் இல்லாதவரின் கார் காப்பீடு

அமெரிக்காவில் ஓட்டுநர் உரிமம் முடக்கப்பட்ட ஒருவர் அதைத் திரும்பப் பெற, முடக்கக் காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். மீட்புக் கட்டணம் செலுத்த வேண்டும். பல மாநிலங்களில் இவற்றோடு எஸ்.ஆர்.-22 என்ற சான்றும் மோட்டார் வாகனத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். காத்திருப்பதும் கட்டணமும் எவருக்கும் புரியும். சான்று என்றதும்தான் பலர் திகைக்கிறார்கள். அதை அனுப்ப வேண்டியது காப்பீட்டு நிறுவனம். காப்பீடு எடுக்கக் கார் வேண்டும். இவரிடமோ கார் இல்லை. வக்கீல் செலவுக்கு விற்றிருப்பார், விபத்தில் நொறுங்கியிருக்கும், அல்லது முதலிலிருந்தே இரவல் காரில் போய்வந்தவராக இருப்பார். இந்தச் சிக்கலுக்கு அங்கே இருக்கும் ஏற்பாடுதான் நான்-ஓனர் பாலிசி: சொந்தமாகக் கார் இல்லாத ஓட்டுநருக்கான காப்பீடு.

இந்தியாவில் மூன்றாம் நபர் காப்பீடு என்றால் அது வண்டியோடு சேர்ந்தது. வண்டி இல்லாமல் பாலிசி இல்லை. நான்-ஓனர் பாலிசி ஆளோடு சேர்ந்தது. அவர் வேறொருவரின் காரை அனுமதியோடு ஓட்டி யாரையாவது காயப்படுத்தினால், எதையாவது சேதப்படுத்தினால், முதலில் காரின் உரிமையாளருடைய பாலிசி கொடுக்கும். அது போதாதபோது மீதியை, தன் வரம்புக்குள், இந்தப் பாலிசி கொடுக்கும். ஓட்டிய காருக்கு ஏற்பட்ட சேதத்துக்கு இதில் எதுவும் கிடைக்காது. இதை விற்ற நிறுவனமே எஸ்.ஆர்.-22 சான்றை மாநிலத்துக்கு அனுப்பிவைக்கும். பாலிசி நின்றுபோனால் எஸ்.ஆர்.-26 என்ற அறிவிப்பையும் அதே நிறுவனம் அனுப்பும். பெயர் காப்பீடு என்றாலும், வாங்குபவருக்கு வேண்டியது அந்தத் தாள்தான். இந்த ஏற்பாட்டின் நன்மைகளும் கோளாறுகளும் பெரும்பாலும் இங்கிருந்தே கிளைக்கின்றன.

இதன் வேர் நூறாண்டு பழையது. 1925இல் கனெக்டிகட் மாநிலம், விபத்தை உண்டாக்கியவர் இனிமேல் இழப்பீடு கொடுக்க வல்லவர் என்று நிரூபிக்க வேண்டும் எனச் சட்டம் செய்தது. மாசசூசெட்ஸ் வேறு வழியில் போய், 1927 முதல் எல்லாக் கார்களுக்கும் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. மற்ற மாநிலங்கள் பலவும் நெடுங்காலம் கனெக்டிகட்டின் பாதையில்தான் நடந்தன. அந்தப் பாதையில் முதல் விபத்தில் அடிபட்டவருக்கு எந்தக் காப்பும் இல்லை. இரண்டாவது விபத்துக்குத்தான் சட்டம் தயாராகிறது. பின்னாளில் கட்டாயக் காப்பீடு ஏறக்குறைய நாடு முழுவதும் வந்துவிட்டது. ஆனால் தவறு செய்தவரிடம் மட்டும் தனியாகச் சான்று கேட்கும் பழைய வழக்கம் எஸ்.ஆர்.-22 வடிவில் தங்கிவிட்டது. நியூயார்க், பென்சில்வேனியா, மின்னசோட்டா போன்ற சில மாநிலங்கள் இந்தச் சான்றே இல்லாமல் காலம் தள்ளுகின்றன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இது தவிர்க்கவே முடியாத ஏற்பாடு அல்ல.

நல்லதை முதலில் முழுமனதோடு சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் பேருந்தை நம்பி வேலைக்குப் போக முடியாது. உரிமம் போனால் வேலை போகும். வேலை போனால் அபராதம் கட்டவும் வழியிருக்காது. அப்படி ஒருவரிடம் உரிமம் வேண்டுமானால் முதலில் கார் வாங்கு என்று சொன்னால், சட்டத்துக்குள் திரும்பிவரும் வாசலை அடைத்துவிட்டு உள்ளே வா என்பதாகும். நான்-ஓனர் பாலிசி அந்த வாசலைத் திறந்துவிடுகிறது. கார் சேதம் இதில் அடங்காததால் பிரீமியமும் பொதுவாகச் சொந்தக் கார் பாலிசியைவிடக் குறைவு. சான்றை அனுப்புவதற்கான கட்டணம் பெரும்பாலும் சில பத்து டாலர்களோடு நின்றுவிடும். காப்பீட்டில் இடைவெளி விழாமல் இருப்பதால், பிறகு கார் வாங்கும்போது அதையே காரணம் காட்டி நிறுவனங்கள் பிரீமியத்தை ஏற்றவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உரிமமும் காப்பீடும் இல்லாமல் ஓட்டியிருக்கக்கூடிய ஒருவர் இரண்டோடும் ஓட்டுகிறார். காப்பீட்டு ஆய்வுக் குழுமத்தின் கணக்குப்படி 2022இல் அமெரிக்க ஓட்டுநர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்குக் காப்பீடு இல்லை. அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவர் குறைந்தாலும் சாலையில் நடப்பவருக்கு அது லாபமே.

ஆனால் எந்தக் காருக்கு இந்தக் காப்பீடு செல்லும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரே வீட்டில் வசிப்பவரின் கார், வாடிக்கையாக எடுத்து ஓட்டக் கிடைக்கும் கார், இவ்விரண்டையும் நான்-ஓனர் பாலிசிகள் வழக்கமாக விலக்கிவிடுகின்றன. நிறுவனத்தின் நோக்கில் இது நியாயம்தான். தினமும் ஓட்டும் காருக்கு முழுப் பிரீமியம் வாங்காமல் அரைப் பிரீமியத்தில் ஆபத்தை ஏற்க யாரும் முன்வரமாட்டார்கள். ஆனால் உரிமம் இழந்து, கார் விற்று, அண்ணன் வீட்டு மாடியில் தங்கியிருக்கும் ஒருவர் எந்தக் காரை ஓட்டுவார்? அண்ணன் காரைத்தான். அந்தக் காருக்கு இவருடைய பாலிசி செல்லாது.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். வீட்டில் இப்படி ஓர் ஓட்டுநர் இருப்பது தெரிந்தால் அண்ணனின் காப்பீட்டு நிறுவனம் சும்மா இருக்காது. இவர் பெயரையும் சேர்த்து அதிகப் பிரீமியம் கட்டு, இல்லையென்றால் இவர் ஓட்டினால் பொறுப்பில்லை என்று பெயர் குறிப்பிட்டு விலக்கிக் கையெழுத்துப் போடு என்று கேட்கும். பல மாநிலங்கள் இந்த விலக்கை அனுமதிக்கின்றன. அண்ணனும் செலவைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஒரு நள்ளிரவில் வீட்டில் யாருக்கோ உடம்புக்கு முடியாமல் போய், தம்பி அந்தக் காரை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஒருவர்மீது மோதினால், அண்ணன் பாலிசி விலக்கைக் காட்டும். தம்பி பாலிசியும் விலக்கைக் காட்டும். மாநிலத்தின் பதிவேட்டில் மட்டும் தம்பி பொறுப்புள்ள ஓட்டுநராக இருப்பார். அடிபட்டவருக்கு எதுவும் கிடைக்காமல் போகக்கூடும். இந்த ஏற்பாட்டின் ஆகப்பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். பிரீமியம் அதிகம், அலைச்சல் அதிகம் என்ற புகார்களெல்லாம் இதற்குப் பிறகுதான்.

தொகையைப் பார்ப்போம். எஸ்.ஆர்.-22 கேட்பது பெரும்பாலும் அந்த மாநிலத்தின் குறைந்தபட்சக் காப்பீட்டைத்தான். கலிபோர்னியாவில் அந்தக் குறைந்தபட்சம் 1967 முதல் 2024 முடிய மாறவே இல்லை: காயமுற்ற ஒருவருக்கு 15,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 30,000, சொத்துச் சேதத்துக்கு 5,000. 2025 ஜனவரியில்தான் அது முறையே 30,000, 60,000, 15,000 ஆனது. கால் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சைக்கு அமெரிக்க மருத்துவமனையில் படுத்தவருக்கு 15,000 டாலர் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லத் தேவையில்லை. குடித்துவிட்டு ஓட்டி ஒருமுறை பிடிபட்டவருக்கும் ஒருபோதும் தவறு செய்யாதவருக்கும் ஒரே வரம்பு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. புளோரிடா இதை உணர்ந்து, குடித்துவிட்டு ஓட்டித் தண்டனை பெற்றோருக்கு 2007இலிருந்து எஃப்.ஆர்.-44 என்ற வேறு சான்றைக் கேட்கிறது. அதில் வரம்பு ஒருவருக்கு 1,00,000, விபத்துக்கு 3,00,000, சொத்துக்கு 50,000 டாலர். வர்ஜீனியாவும் வழக்கமான குறைந்தபட்சத்தைப்போல் இரு மடங்கு கேட்கிறது. பிரீமியம் கடுமையாக ஏறும் என்பது உண்மை. ஆனாலும் ஆபத்துக்கு ஏற்ற பொறுப்பு என்ற கொள்கை அங்கேதான் உயிரோடு இருக்கிறது.

அதே கொள்கையை மறுபுறம் திருப்பினால், இந்தச் சான்று கேட்கப்படவே கூடாத ஒரு பெருங்கூட்டம் தெரிகிறது. உரிமம் முடக்கப்படுபவர் எல்லாரும் ஆபத்தான ஓட்டுநர்கள் அல்லர். தவணை தவறி காப்பீடு நின்றுபோனவர், விபத்துக்கான தீர்ப்புத் தொகையைக் கட்ட முடியாதவர் என்று பணமில்லாமையால் சிக்கியவர்கள் ஏராளம். 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி அடுத்தடுத்து இரண்டு தீர்ப்புகள் சொன்னது. ஒன்று பெல் எதிர் பர்சன். ஜார்ஜியாவில் கிராமங்களுக்குக் காரில் போய் ஊழியம் செய்துவந்த ஒரு பாதிரியாரின் கார்மீது ஐந்து வயதுச் சிறுமியின் சைக்கிள் மோதியது. அவரிடம் காப்பீடு இல்லை. 5,000 டாலர் பிணையம் கட்டு, இல்லையேல் உரிமம் போகும் என்றது மாநிலம். தவறு என்னுடையதல்ல என்று நிரூபிக்கிறேன் என்றபோது, அது இங்கே பொருட்டல்ல என்று பதில் வந்தது. தவறு இருக்க வாய்ப்புண்டா என்று விசாரிக்காமல் உரிமத்தைப் பறிப்பது செல்லாது என்றது நீதிமன்றம். மற்றது பெரெஸ் எதிர் கேம்பல். திவால் சட்டப்படி கடன் நீங்கியவரின் உரிமத்தை, அதே கடனைக் காரணம் காட்டி அரிசோனா முடக்கிவைத்ததை அந்தத் தீர்ப்பு தடுத்தது.

ஆனாலும் பணத்துக்காக உரிமத்தைப் பிடித்துவைக்கும் பழக்கம் போகவில்லை. டெக்சாஸ் 2003இல் கொண்டுவந்த ஓட்டுநர் பொறுப்புத் திட்டம், காப்பீடில்லாமல் பிடிபட்டவரிடம் அபராதத்துக்கு மேல் ஆண்டுக்கு 250 டாலர் வீதம் மூன்று ஆண்டுகள் கேட்டது. கட்ட முடியாதவர்களின் உரிமம் போனது. அப்படிப் போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். 2019 செப்டம்பரில் அந்தச் சட்டத்தை மாநிலமே ரத்து செய்தது. நான்-ஓனர் பாலிசி இப்படிப்பட்டவர்களிடம் மாதாமாதம் இன்னொரு தவணையைக் கேட்கிறது. ஒரு தவணை தவறினால் அறிவிப்பு போகும். உரிமம் மறுபடி முடங்கும். மீட்புக் கட்டணம் மறுபடி வரும். புளோரிடாவில் காப்பீடு விட்டுப்போனதற்கான மீட்புக் கட்டணம் முதல்முறை 150 டாலர். மூன்றாண்டுக்குள் மறுபடி நேர்ந்தால் 250, பிறகு 500. சில மாநிலங்களில் சான்று வைத்திருக்க வேண்டிய மூன்றாண்டுக் காலமே முதலிலிருந்து எண்ணப்படும். இரண்டே முக்கால் ஆண்டு ஒழுங்காகக் கட்டியவர் ஒரு மாதம் தடுமாறியதற்கு மறுபடி மூன்று ஆண்டு. இதில் சாலைப் பாதுகாப்பு எங்கே வருகிறது? டெக்சாஸ் இந்த விஷயத்தில் மேல். அங்கே சான்றுக்குரிய இரண்டு ஆண்டு தண்டனை நாளிலிருந்தே எண்ணப்படுகிறது.

எனவே உரிமம் மீட்க வேறு வழியில்லாதவரிடம் இந்தப் பாலிசியை எடுக்காதே என்று சொல்லமாட்டேன், எடுக்கத்தான் வேண்டும். ஏஜென்ட்டிடம் போகும்போது விலையை மட்டும் கேட்காமல், வீட்டிலுள்ள கார்களைச் சொல்லி, அவற்றுக்கு என்ன நிலை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். உணவு டெலிவரி வேலைக்குப் போவதாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அந்த வகை ஓட்டத்தையும் இத்தகைய பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. சொந்தமாகக் கார் வாங்கிய அன்றே பாலிசியையும் சான்றையும் மாற்ற வேண்டும்.

மாநிலங்கள் செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. குடித்துவிட்டு ஓட்டியவர், ஆளை அடித்துவிட்டு நிற்காமல் போனவர் ஆகியோரிடம் புளோரிடாவைப்போல் உயர்ந்த வரம்பில் சான்று கேட்கலாம். பணம் கட்டாததால் மட்டும் உரிமம் இழந்தவர்களிடம் சாதாரணக் காப்பீடு போதும். தனிச் சான்று வேண்டாம். சான்றோடு வருபவரின் வீட்டில் கார் இருந்தால், அந்தக் காரின் பாலிசியில் அவரைப் பெயர் சொல்லி விலக்குவதற்கும் அனுமதி இருக்கக் கூடாது. அதனால் அண்ணனின் பிரீமியம் ஏறும். அந்தக் கூடுதலைத் தம்பியிடம் நான்-ஓனர் பாலிசிக்கு வாங்கும் பணத்திலிருந்தே ஈடுகட்டும்படி, இரு பாலிசிகளையும் ஒன்றாக்கி விற்க நிறுவனங்களை மாநிலக் காப்பீட்டுத் துறை கட்டாயப்படுத்தலாம். அப்போது அந்த வீட்டின் காரில் அடிபடும் எவருக்கும் பணம் தர ஒரு பாலிசியாவது இருக்கும்.