சாந்தோமில் உதவி நாய் நடக்குமா?

சென்னை சாந்தோம் பேராலயத்துக்கு முன்னால் ஹை ரோடு, பின்னால் கூப்பிடு தூரத்தில் கடல். இரண்டுக்கும் நடுவே ஆட்டிசம் உள்ள குழந்தையை வளர்க்கும் வீட்டை அதன் வாசற்கதவைப் பார்த்தே சொல்லிவிடலாம். வழக்கமான தாழ்ப்பாள் ஒன்று, பெரியவர் கைக்கு மட்டும் எட்டுகிற மாதிரி மேலே இன்னொன்று, வெளியே கிரில் கேட்டில் பூட்டு. அப்படியும் கூரியர்காரருக்குக் கதவைத் திறந்த ஒரு நிமிடத்தில் பிள்ளை தெருவில் நிற்கும். கோபித்துக்கொண்டு போனதில்லை, குறும்பும் இல்லை. கடற்கரையோர லூப் ரோட்டுக்கு அப்பால் புரளும் அலை இழுத்திருக்கும். அல்லது அடுக்களையில் ஓடிய மிக்சியின் சத்தம் விரட்டியிருக்கும். எந்தத் தாழ்ப்பாளை எப்படித் திறப்பது என்பதில் பெற்றவர்களைவிட அந்தப் பிள்ளைக்குத் தேர்ச்சி அதிகம்.

அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஓர் ஆய்வு 1,200-க்கும் மேற்பட்ட ஆட்டிசக் குழந்தைகளின் குடும்பங்களிடம் இதைக் கேட்டது. நான்கு வயதுக்குப் பிறகு ஒரு தடவையாவது இப்படி ஓட முயன்ற குழந்தைகள் 49 சதவீதம். பெற்றோர் பதறும் அளவுக்குக் காணாமல் போன பிள்ளைகளில் 65 சதவீதம் பேர் வாகனத்தில் அடிபடுவதிலிருந்தும், 24 சதவீதம் பேர் தண்ணீரில் மூழ்குவதிலிருந்தும் மயிரிழையில் தப்பியவர்கள். சாந்தோமில் இந்த இரண்டு ஆபத்தும் ஒரே தெருவின் இரு முனைகளில் இருக்கின்றன.

ஆட்டிசக் குழந்தைக்கு நாய் பழக்கும் யோசனை முதலில் இந்த ஓட்டத்தைத் தடுக்கத்தான் வந்தது. குழந்தையின் மடியில் லேப்ரடார் தலை சாய்த்திருக்கும் படங்களையே பார்த்துப் பழகியதால் நமக்கு இது மறந்துவிடுகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1996-இல் தொடங்கிய ‘நேஷனல் சர்வீஸ் டாக்ஸ்’ அமைப்புதான் இந்த முறைக்கு முன்னோடி. நாய்க்கு ஓர் அங்கி. அங்கியிலிருந்து ஒரு வார் குழந்தையின் இடுப்பு பெல்ட்டுக்குப் போகும். இன்னொரு வார் அம்மா அல்லது அப்பாவின் கையில். கட்டளை கொடுப்பது பெரியவர் மட்டுமே. குழந்தை திடீரென்று இழுத்தால் நாய் நான்கு காலையும் ஊன்றி அப்படியே நின்றுவிட வேண்டும்.

சொல்வதற்கு எளிது, பழக்குவதற்கு அப்படி இல்லை. சாதாரணமாக ஒரு நாய்க்கு நாம் முதலில் கற்றுத் தருவது வாரை இழுத்தால் கூடவே வா என்பதை. இங்கே ஒரு வார் இழுத்தால் வர வேண்டும், மற்றது இழுத்தால் வரக் கூடாது. பயிற்சியாளர் குழந்தையின் இடத்தில் நின்று முதலில் மெல்ல இழுப்பார், பிறகு வெடுக்கென்று இழுப்பார், கத்துவார், தரையில் விழுந்து புரளுவார். அசையாமல் நின்றதற்கு ஒவ்வொரு தடவையும் தின்பண்டம். குட்டியாக இருக்கும்போதே தன்னார்வக் குடும்பம் ஒன்றில் ஓராண்டுக்கு மேல் வளர்ந்து, பிறகு பல மாதப் பயிற்சி முடித்து நாய் தயாராவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகிவிடும். தொடங்கும் நாய்களில் பாதியளவு நடுவிலேயே கழிக்கப்படும். அங்கே ஒரு நாய்க்கு 20,000 டாலருக்கு மேல் செலவாவதற்கு இதுதான் காரணம்.

பெரியவர் கூடவே வர வேண்டுமென்றால் நாய் எதற்கு, கையைப் பிடித்துக்கொண்டு போனால் போதாதா என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்ட கேள்விதான். தொடுகையே தாங்காத குழந்தைகள் உண்டு. மணிக்கட்டைப் பிடித்தால் அதுவே அலறலுக்குக் காரணமாகிவிடும். முப்பது கிலோ நாய் நின்றால் அது பிடித்த மாதிரி இருக்காது, நடை நின்ற மாதிரி இருக்கும். கனடாவில் பத்துக் குடும்பங்களைப் பின்தொடர்ந்து கிறிஸ்டன் பரோஸ் குழுவினர் 2008-இல் எழுதிய ஆய்வில் வேறொன்றும் தெரிந்தது. கடைக்கும் உணவகத்துக்கும் போவதை விட்டுவிட்டிருந்த குடும்பங்கள் மறுபடி வெளியே வரத் தொடங்கின. பிள்ளை கத்தும்போது முறைத்தவர்கள் நாயின் அங்கியைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்கள். ‘பிள்ளையை வளர்த்த லட்சணம்’ என்று பாண்டி பஜார் கடையொன்றில் காதுபடக் கேட்ட அம்மாவுக்கு இதன் மதிப்பு விளங்கும்.

மனதுக்கும் உடம்புக்கும் நாய் என்ன செய்கிறது என்பதில்தான் மிகைப்படுத்தல் தொடங்குகிறது. 2010-இல் மான்ட்ரியால் ஆய்வாளர்கள் உதவி நாய் பழக்கும் மிரா அறக்கட்டளையின் நாய்களைப் பெற்ற 42 குழந்தைகளின் உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலின் அளவைப் பார்த்தார்கள். தூங்கி எழுந்ததும் அந்த ஹார்மோன் ஏறும் அளவு நாய் வருவதற்கு முன் 58 சதவீதம், வந்த பிறகு 10, நாயைச் சில நாள் திருப்பி அழைத்துக்கொண்டபோது 48. நாய் சிகிச்சை பற்றிப் பேசுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் துருப்புச் சீட்டு இதுதான். அதே ஆய்வு சொன்ன இன்னொரு வரியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை: நாள் முழுவதற்குமான சராசரி கார்ட்டிசால் அளவு மாறவே இல்லை. காலை ஏற்றம் குறைந்தது நல்லதா என்பதும் முடிந்துபோன விவாதம் இல்லை. குழந்தையின் தொந்தரவான நடத்தைகள் குறைந்ததாகச் சொன்னவர்கள் பெற்றோர். நாய் வந்தது அவர்களுக்குத் தெரியும், நல்லது நடக்க வேண்டும் என்று ஏங்குகிறவர்களும் அவர்களே. 2013-இல் ஆய்வாளர் மார்கரிட் ஓஹேர் இந்தத் துறையில் அதுவரை வந்த 14 ஆய்வுகளை வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டு, நம்பிக்கை தருகின்றன, ஆனால் ஆய்வு முறைகள் பலவீனம் என்ற இடத்தில்தான் வந்து நின்றார்.

இவ்வளவும் அந்த ஊர்க் கணக்கு. அதை அப்படியே சாந்தோமில் இறக்கினால் முதல் நாள் மாலையே இடிக்கும்.

பட்டினப்பாக்கத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை லூப் ரோட்டில் நடந்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு ஐம்பது அடிக்கும் ஒரு நாய்க்கூட்டத்துக்குப் பட்டா உண்டு. மீன் கழிவு கிடைக்கும் இடத்தில் எல்லைக் காவல் இன்னும் கடுமை. மாநகராட்சியின் 2024 கணக்கெடுப்பில் சென்னைத் தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். நொச்சிக்குப்பம் பக்கம் புதிதாக ஒரு வளர்ப்பு நாய் அங்கியும் வாருமாக வந்தால் நாலைந்து நாய்கள் சுற்றி வளைக்க அரை நிமிடம் ஆகாது. நடுவில் நிற்கும் நாய் ஓடவும் முடியாது, திருப்பித் தாக்கவும் கூடாது. அதன் உடம்போடு பெல்ட்டில் மாட்டியிருப்பது ஏழு வயதுக் குழந்தை, அதுவும் குரைப்பைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தை. கனடாவில் உயிர் காக்கும் வார் இங்கே குழந்தையைச் சண்டைக்கு நடுவே கட்டிப்போடும் கயிறாகிவிடும். பயிற்சியைக் கூட்டினாலும் தீராத சிக்கல் இது, ஏனென்றால் பயிற்சி நம் நாய்க்குத்தான், தெருவில் இருப்பவற்றுக்கு இல்லை.

வெயில் அடுத்தது. சித்திரை, வைகாசியில் பகல் பதினொரு மணிக்குத் தார் ரோட்டில் வெறுங்கால் வைத்தால் தெரியும், அடர்த்தியான ரோமமுள்ள ரிட்ரீவரை அதில் நடத்துவது என்ன நியாயம் என்று. உண்ணிக் காய்ச்சல், மழைக்காலத்தில் எலிக் காய்ச்சல் இரண்டும் சென்னை நாய் மருத்துவர்களுக்கு அன்றாட வேலை. சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் இனங்கள் வெயில் தாங்கும் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அவை ஓடுவதைக் கண்டால் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. பூனை ஒன்று குறுக்கே ஓடினால் குழந்தையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

சட்டம் இன்னும் மெல்லிய தரை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைப் பட்டியலில் சேர்த்தது. உதவி நாய் என்ற ஒன்றை அது வரையறுக்கவில்லை. அமெரிக்காவில் பயிற்சி பெற்ற நாயோடு வருகிறவரைக் கடைக்காரர் தடுக்க முடியாது. இங்கே உணவகக் காவலாளி, ஆட்டோக்காரர், அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் மூவரும் தனித்தனியே மனம் வைத்தால்தான் உண்டு. வளர்ப்பு நாய்க்கு உரிமமும் பொது இடத்தில் வாரும் வாய்மூடியும் கட்டாயம் என்கிறது மாநகராட்சி. நாய்க்கடிச் செய்திகளுக்குப் பிறகு வந்த விதி, தேவையானதும்கூட. வாய்மூடி போட்ட நாயைக் கண்டு ‘ஆபத்தானது போல’ என்று கூட்டம் விலகும்போது, மேலே சொன்ன சமூக நன்மை காற்றில் போய்விடும்.

அப்படியானால் சென்னையில் நாய்க்கும் ஆட்டிசக் குழந்தைக்கும் பேச்சே இல்லையா என்றால், சாந்தோமிலிருந்து ஆட்டோவில் பத்து, பதினைந்து நிமிடம் போனால் ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் சாலையில் அதற்கு விடை இருக்கிறது. சி.பி. ராமசாமி ஐயர் அறக்கட்டளையின் சரஸ்வதி கேந்திராவில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள குழந்தைகளோடு நாய்களை வைத்து அமர்வுகள் நடத்தியிருக்கிறார்கள். ஹாங்காங்கில் 1991-இல் ஜில் ராபின்சன் தொடங்கிய ‘டாக்டர் டாக்’ திட்டத்தை ப்ளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு சென்னைக்குக் கொண்டுவந்ததன் தொடர்ச்சி அது. 1959-இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய அதே ப்ளூ கிராஸ்தான் தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்யும் முறைக்கும் இந்த ஊரில் வழி போட்டது. மீட்டெடுத்த நாட்டு நாய்களும் இந்த வேலைக்கு ஆகும் என்று காட்டியது, என் பார்வையில், சென்னை இத்துறைக்குத் தந்த முக்கியமான பங்கு. வெயில் தாங்கும், விலை இல்லை.

இந்த முறையில் நாய் குழந்தையோடு வீட்டுக்குப் போவதில்லை. தடுப்பூசி போட்டு, குணம் சோதித்துத் தேர்ந்த நாய் தன் பொறுப்பாளரோடு வகுப்பறைக்கு வரும், முடிந்ததும் போய்விடும். அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சன் தன் நாய் ஜிங்கிள்ஸைச் சிகிச்சை அறையில் வைத்துக்கொண்டதைப் பற்றி 1960களின் தொடக்கத்தில் எழுதியதிலிருந்து வளர்ந்த வழி இது. அறைக்குள் நடப்பவை சின்னச் சின்ன வேலைகள். தன் தலையில் சீப்பு படவிடாத பிள்ளை நாயின் முதுகில் பிரஷ் போடும். ஐந்து பிஸ்கட் எண்ணிக் கொடுக்கும். ‘வா’ என்று சொன்னால் நாய் வரும், சொல்லாவிட்டால் வராது. பேச்சுக்கு உடனே பலன் கிடைக்கும் இடம் அது. மனித முகத்தில் ஒரே நேரத்தில் கண், புருவம், குரல், கேலி எல்லாம் சேர்ந்து வந்து குழப்பும். நாயிடம் அந்தக் குழப்பம் குறைவு. (ஒரு விசித்திரம்: வீட்டில் முழுக்கத் தமிழ் பேசுகிற நாம் நாயிடம் மட்டும் ‘சிட்’, ‘கம்’ என்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறோம். ஒரு மொழியிலேயே தடுமாறும் குழந்தைக்காகவாவது நாய்கள் தமிழ் கற்கட்டும்.)

குறை இல்லாமல் இல்லை. நாயிடம் ‘வா’ சொன்ன பிள்ளை தம்பியிடமும் சொல்லுமா? ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு எடுத்துப்போவதுதான் ஆட்டிசத்தில் கடினமான பகுதி. வாரம் ஒரு மணி நேர அமர்வு அதைத் தானாகச் செய்துவிடாது. வகுப்பாசிரியரும் பேச்சுப் பயிற்சியாளரும் அதை வாங்கி நடத்த வேண்டும். நாயைக் கண்டாலே நடுங்கும் பிள்ளையை ‘பழகிடும்’ என்று அறைக்குள் தள்ளும் பெற்றோரும் உண்டு. அது வன்முறை. அளந்து எழுதிவைக்கும் பழக்கமோ நம் ஊரில் பொதுவாகவே குறைவு. பிள்ளை சிரித்தது என்பது மகிழ்ச்சியான செய்தி, முன்னேற்றத்துக்கு அளவுகோல் வேறு வேண்டும்.

நாயின் பக்கமும் ஒன்று இருக்கிறது. பரோஸ் குழு அதே 2008-இல் உதவி நாய்களின் நலனைப் பற்றித் தனியாக எழுதியது. ஓய்வு போதவில்லை, விளையாட நேரமில்லை, குழந்தைகள் தெரியாமல் வலிக்கச் செய்கிறார்கள் என்று கண்டது. வாலை முறுக்குவதும் மேலே விழுவதும் நாள்தோறும் நடக்கலாம், நாய் பொறுத்துக்கொள்ளும்படி பழக்கப்பட்டிருப்பதால் அது முறையிடாது. வேலை செய்யும் ஆண்டுகளும் எட்டோ ஒன்பதோதான். ஆட்டிசம் ஆயுள் முழுக்க. பதின்மூன்று, பதினான்கு வயதில், உடம்பும் மனமும் மாறும் காலத்தில், பிள்ளையின் தினசரி ஒழுங்கின் அச்சாக இருந்த நாய் போய்ச் சேரும். வருகிற அமர்வு நாயிடம் இந்தப் பாரம் குறைவு என்பதும் எல்டாம்ஸ் சாலை வழிக்கு ஒரு மதிப்பெண்.

ஆகவே என் தீர்ப்பு இது. தெருவில் பெல்ட் மாட்டி நடத்தும் கனடா முறை சாந்தோமுக்கு இப்போது ஆகாது. தெருநாய் எண்ணிக்கையும் சட்டமும் மாறும் வரை அதை இங்கே விற்பவரை நம்பக் கூடாது. வகுப்பறைக்கு வந்து போகும் நாய் ஆகும், கூடவே அளவீடு இருந்தால். ஓடிப்போகும் பிள்ளைக்கு முதல் செலவு கதவு மணி, சட்டைக்குள் தைத்த தொலைபேசி எண், நீச்சல் பயிற்சி, லூப் ரோடு மீன் கடைக்காரர்களுக்கும் பக்கத்துக் கடைகளுக்கும் பிள்ளையை அறிமுகப்படுத்தி வைப்பது. அவர்கள் நாள் முழுக்க அங்கேயே இருப்பவர்கள், ஒரு நாயைவிட அதிகக் கண்கள்.

‘தெரபி டாக்’ என்று லேப்ரடார் குட்டிக்குக் கூடுதல் விலை சொல்லும் விளம்பரங்களைப் பார்க்கிறேன். உதவி நாய்க்குச் சான்று தரச் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற அமைப்பு எதுவும் இந்தியாவில் இல்லை. எட்டு வாரக் குட்டி எதுவும் தெரபி டாக் ஆகியிருக்கவும் முடியாது. வாங்கத்தான் வேண்டும் என்றால் விற்பவரிடம் கேளுங்கள்: யார் பழக்கினார்கள், எத்தனை மாதம், ஆட்டிசக் குழந்தை அலறும்போது இது என்ன செய்தது, ஒத்துவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.