இடத்தோடு பிறந்த ஓவியங்கள்

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் மோனாலிசா இருக்கும் கூடத்துக்குள் நுழைகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒரே பக்கம்தான் பார்க்கிறார்கள். 77 செ.மீ. உயரமும் 53 செ.மீ. அகலமும் கொண்ட சிறிய பலகை ஓவியம் அது. அதற்கு முன்னால் கண்ணாடி, கண்ணாடிக்கு முன்னால் கூட்டம், கூட்டத்தின் தலைகளுக்கு மேலே கைப்பேசிகள். அவர்களுக்கு முதுகுப்புறத்தில், எதிர்ச்சுவரை அடைத்துக்கொண்டு இருக்கிறது பாவ்லோ வெரோனீஸின் ‘கானாவூர்க் கலியாணம்’. உயரம் ஏறக்குறைய ஏழு மீட்டர், அகலம் பத்து மீட்டர். உண்கிறவர்கள், பரிமாறுகிறவர்கள், வாத்தியம் வாசிப்பவர்கள் என்று நூறு பேருக்கு மேல் கூடியிருக்கும் பெருவிருந்து.

வெனிஸ் நகரின் சான் ஜோர்ஜோ மஜோரே தீவில் இருந்த துறவிகள் தங்கள் உணவுக்கூடத்துக்காக இதை வரையச் சொன்னார்கள். 1563இல் அது முடிந்தது. துறவிகள் தினமும் உணவருந்திய அறையின் கடைச்சுவரில் இந்த விருந்து நடந்துகொண்டிருந்தது. 1797இல் நெப்போலியனின் படை அதை இறக்கிப் பாரிஸுக்குக் கொண்டுபோனது. வெரோனீஸின் வண்ணங்களை லூவரில் இன்றும் கண்குளிரப் பார்க்கலாம். ஆனால் அந்த உணவுக்கூடம் அங்கே இல்லை.

மறுமலர்ச்சிக் கால ஓவியர்களில் பலர் இடத்தைப் பார்த்துவிட்டே தூரிகையைத் தொட்டவர்கள். சன்னல் எந்தப் பக்கம், பார்க்கிறவர் எந்த வாசலில் வருவார், அண்ணாந்து பார்ப்பாரா நேராகப் பார்ப்பாரா என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் இருந்தன. அச்சுப்படத்தில் முதலில் காணாமல்போவது இந்தக் கணக்குதான். இத்தாலிக்குப் போகிறவர்கள், பிறந்த இடத்தைவிட்டு நகராத படைப்புகளைத் தேடிப் போவது நல்லது.

மிலானில் சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தின் உணவுக்கூடத்தில் இருக்கிறது லியொனார்டோ டா வின்சியின் ‘கடைசி இராவுணவு’. 1495 வாக்கில் தொடங்கி 1498க்குள் முடித்த இந்த ஓவியம் 8.8 மீட்டர் நீளம். கூடத்தின் சன்னல்கள் இடப்புறச் சுவரில் உள்ளன. ஓவியத்திலும் ஒளி இடப்புறமிருந்தே வருகிறது. படத்தின் வலப்புறச் சுவர் வெளிச்சம் வாங்கி மின்ன, இடப்புறச் சுவர் நிழலில் நிற்கிறது. படத்தின் கோடுகளெல்லாம் இயேசுவின் நெற்றிப்பொட்டில் வந்து குவிகின்றன. கோடுகளைப் பிடிக்க லியொனார்டோ அங்கே ஆணி அடித்திருந்த துளை, பழுதுபார்த்தபோது தெரியவந்தது.

சுண்ணப்பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டுவது ஃப்ரெஸ்கோ முறை. பூச்சு உலர்வதற்குள் முடித்தாக வேண்டும். நின்று நிதானித்துத் திருத்தித் திருத்தி வரைகிற லியொனார்டோவுக்கு அது ஒத்துவரவில்லை. உலர்ந்த சுவரில் வரைந்தார். அவர் உயிரோடிருந்த காலத்திலேயே வண்ணம் உதிரத் தொடங்கியது. 1652இல் சுவரில் வாசல் வைத்தவர்கள் இயேசுவின் பாதங்களை வெட்டிவிட்டார்கள். 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து கூரையும் பக்கச்சுவரும் சரிந்தன. மணல் மூட்டைகள் அடுக்கியிருந்த ஓவியச் சுவர் மட்டும் தப்பியது. 1978 முதல் 1999 வரை நடந்த சீரமைப்புக்குப் பின் எஞ்சியிருப்பதைத்தான் இன்று பார்க்கிறோம். முன்பதிவு செய்தவர்களைச் சிறு குழுக்களாக உள்ளே விடுகிறார்கள். கிடைப்பது 15 நிமிடம். அதில் கொஞ்ச நேரம் அறையின் பின்கோடிக்குப் போய் நின்று பார்க்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் கூடம் சுவரோடு முடியாமல் ஓவியத்துக்குள்ளும் நீள்வது தெரியும்.

ஃப்ளாரன்ஸில் அவ்வளவு தூரம் நிற்க வேண்டியதில்லை. ஆர்னோ ஆற்றின் தென்கரையில் உள்ள கார்மினே ஆலயத்தின் பிரான்காச்சி சிற்றாலயம் மிகச் சிறியது. முப்பது வயதைத் தொடாமல் இறந்துபோன மசாச்சோ 1420களில் இதன் சுவர்களில் வரைந்தார். பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கும் சன்னலிலிருந்தே வெளிச்சம் வருவதாக வைத்துக்கொண்டு முகங்களுக்கும் உடைகளுக்கும் நிழல் போட்டார். நுழைவுத்தூணில் ஆதாமும் ஏவாளும் ஏதேனிலிருந்து விரட்டப்பட்டு வெளியேறுகிறார்கள். ஆதாம் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொள்கிறான். ஏவாள் வாய்விட்டு அலறுகிறாள். பிற்காலத்தார் அவர்களின் நிர்வாணத்தை மறைக்க வரைந்து வைத்த இலைகள் 1980களின் சீரமைப்பில் நீங்கின. இளம் மைக்கேலாஞ்சலோ இங்கே வந்து மசாச்சோவைப் பார்த்து வரைந்து பழகினார்.

அந்த மைக்கேலாஞ்சலோவின் தாவீது இடம் மாறிய சிலை. 1501இல் செதுக்கத் தொடங்கியபோது அது பேராலயத்தின் உச்சியில் ஏற வேண்டியதாக இருந்தது. 1504இல் லியொனார்டோவும் போத்திச்செல்லியும் இருந்த குழு, சிலையை எங்கே நிறுத்துவது என்று கூடிப் பேசியது. சிலை நகர அரண்மனை வாசலுக்குப் போனது. 1873இல்தான் அக்காதெமியா கூடத்துக்கு வந்தது. 5.17 மீட்டர் உயர உருவத்தில் தலையும் வலக்கையும் அளவுக்குச் சற்றுப் பெரியவை. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவர்களுக்காகவே அப்படி என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆனால் இந்த இடமாற்றத்தில் ஒரு லாபம் உண்டு: சுற்றி வரலாம். முன்னால் நின்றால் இளைப்பாறும் இளைஞன். அவன் பார்வை போகும் பக்கம் நகர்ந்து நின்றால் நெற்றி சுருங்கி, புருவம் நெரிந்து, கோலியாத்தை அளந்துகொண்டிருப்பவன்.

வெனிஸின் ஃப்ராரி ஆலயத்தில் பிரதான வாசல் வழியே போக வேண்டும். டிஷியன் 1518இல் முடித்த ‘மரியாளின் விண்ணேற்பு’ பாடகர் தடுப்பின் வளைவுக்குள் கச்சிதமாகப் பொருந்தித் தெரிவது அங்கிருந்துதான். ஏறக்குறைய ஏழு மீட்டர் உயரப் படம். பக்கத்துச் சன்னல்களின் எதிரொளி கண்ணைக் கூசினாலும் மரியாளின் சிவப்பு ஆடை தாக்குப்பிடிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் அருங்காட்சியகத்தில் இருந்த படம், முதல் உலகப்போருக்குப் பின் தன் பலிபீடத்துக்கே திரும்பியது. அதை நோக்கி நடக்கும்போது இடப்பக்கத்தில் டிஷியனின் ‘பெசாரோ மாதா’ வரும். மாதாவை நடுவில் வைக்காமல் வலப்புறம் படிகளின்மேல் உட்காரவைத்திருக்கிறார். நேர் எதிரே நின்றால் சற்று விலகியதுபோல் தோன்றும் இந்த அமைப்பு, வாசலிலிருந்து நடந்து வருகிறவரின் சாய்ந்த பார்வைக்குச் சரியாக அமைகிறது. ஆகவே அதன் முன்னால் போய் நிற்பதற்கு முன்பே, பத்தடி தள்ளி வரும்போதே அதைப் பார்க்கத் தொடங்கிவிட வேண்டும்.