பத்துப் பேர் விரலும் நம்ம ஊர் விரலும்

2021-இல் ஊரெல்லாம் தேடி அலைந்து வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இப்போது எங்கள் வீட்டு அலமாரியில், பேட்டரி கசிந்து, ஒரு ஓரமாகக் கிடக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒன்று அப்படித்தான் கிடக்கும்னு நினைக்கிறேன். அவசரம் தீர்ந்துவிட்டதால், அந்தக் கருவி அன்றைக்குக் காட்டிய எண்ணை நாம் படித்த விதம் சரிதானா என்று இப்போது நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் மாமா வீடு. மாமா தறியில் உட்காருகிறவர் இல்லை, பட்டுக்குச் சாயம் போடுகிறவர். நாற்பது வருஷமாய்ச் சாயத் தொட்டியில் முங்கி எழுந்த விரல்கள். எத்தனை தடவை கழுவினாலும் நகக்கண்ணில் நீலமும் அரக்கும் இருக்கும். 2021 மே மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள். வீட்டுக் கருவி 95 காட்டியது. பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்தது 91 காட்டியது. போனில் ஆலோசனை சொன்னவர், "94-க்கு மேல இருக்குல்ல, வீட்டுலயே இருங்க" என்றார். 95-ஐத்தான் அவரிடம் சொல்லியிருந்தோம். நல்ல எண்ணை நம்புவது மனித சுபாவம்.

அத்தைதான் கேட்கவில்லை. "மிஷின் என்னவோ சொல்லட்டும்டா. அவரு மூச்சப் பாரு, தறி மாதிரி ஓடுது" என்றார். செல்போனில் நேரம் வைத்து எண்ணினேன். ஒரு நிமிஷத்துக்கு 28. அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஆக்ஸிஜன் செறிவு 89. மாமா பிழைத்து வந்தார், இப்போதும் சாயம் போடுகிறார். ஆனால் 95-க்கும் 89-க்கும் நடுவில் இருந்த அந்த ஆறு புள்ளிகள் என்னை விடவில்லை. அதன் பிறகு படித்ததன் குறிப்புதான் இது.

கருவியின் கதையே ஒரு சாயத்தில்தான் தொடங்குகிறது. ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த டகுவோ அவோயாகி, 1970-களின் தொடக்கத்தில் இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று அளக்கப் பார்த்தார். நரம்பில் சாயத்தைச் செலுத்தி, காது மடலில் ஒளியைப் பாய்ச்சி, சாயம் வந்து கரைந்து போகும் வளைகோட்டை வரைவது அந்த முறை. அந்த வளைகோட்டின் மேல் நாடித்துடிப்பு அலை அலையாக ஏறிக் குழப்பியது. அவருக்கு அன்று நாடி வெறும் நாய்ஸ். அதை நீக்க, சாயம் உறிஞ்சாத இன்னொரு அலைநீளத்தில் அதே துடிப்பை அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்த்தார். நாடி மறைந்தது. ஆனால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் மாறும்போதெல்லாம் அந்தக் கணக்கு பிசகியது. பிசகுவதிலேயே செய்தி இருக்கிறது என்று கண்டுபிடித்ததுதான் அவருடைய மேதைமை. 1974-இல் அதை வெளியிட்டார். தொல்லை என்று தள்ளப்பட்ட துடிப்பே சிக்னல் ஆனது. 2020 ஏப்ரலில், உலகமே அவருடைய கருவியை விரலில் மாட்டத் தொடங்கிய நேரத்தில், அவர் காலமானார்.

வேலை செய்யும் விதம் எளிமையானதுதான். கிளிப்புக்குள் இரண்டு எல்இடிகள்: 660 நானோமீட்டரில் சிவப்பு, 940 நானோமீட்டரில் அகச்சிவப்பு. இரண்டும் சேர்ந்து எரிவதில்லை. சிவப்பு, அகச்சிவப்பு, இருட்டு என்று நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை மாறி மாறித் துடிக்கின்றன. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா என்று முறை வைத்து விடுகிறோமே, அந்த மாதிரி. இருட்டு நேரத்தில் அளப்பது அறையின் வெளிச்சம், அதைக் கழித்துவிடலாம். மிச்சமிருக்கும் ஒளியில் பெரும்பகுதி தோல், சதை, எலும்பு, சிரை ரத்தம் எல்லாவற்றையும் தாண்டி வருகிற, மாறாத பகுதி. இதயம் அடிக்கும்போது தமனி ரத்தம் கூடிக் குறைவதால் ஆடுகிற பகுதி சுமார் 1 சதவீதம்தான். சிவப்பில் ஆடும் பங்கை அகச்சிவப்பில் ஆடும் பங்கால் வகுத்தால் வருவது ஆர் என்கிற விகிதம். பாடப் புத்தகச் சூத்திரத்தின்படி, செறிவு = 110 − 25 × ஆர்.

இப்போது 94-ஐயும் 93-ஐயும் இந்தச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 94-க்கு ஆர் 0.64. 93-க்கு 0.68. அகச்சிவப்பில் துடிப்பு 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சிவப்பில் அது 0.64 சதவீதமா 0.68 சதவீதமா என்பதுதான் கேள்வி. அதாவது, வருகிற மொத்தச் சிவப்பு ஒளியில் பத்தாயிரத்தில் 4 பங்கு. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே நாம் போட்ட கோட்டின் அகலம் அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். ஆர் 1 ஆனால் சூத்திரம் 85 என்று சொல்லும். கை ஆடினாலோ, குளிர்ந்து ரத்த ஓட்டம் குறைந்தாலோ, இரண்டு அலைநீளத்திலும் ஒரே அளவு நாய்ஸ் ஏறி, விகிதம் 1-ஐ நோக்கி இழுக்கப்படும். கருவி திரையில் 85 என்று பளிச்சென்று காட்டும். அது நோயாளியின் 85 இல்லை, சூத்திரத்தின் 85. கருவிக்கு ஒன்றுமே தெரியாத நேரத்திலும் அது ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறது என்பது என் முதல் குறை. மருத்துவமனை மானிட்டர்களில் துடிப்பின் அலைவடிவமும் கூடவே ஓடும், அலை சரியில்லை என்றால் எண்ணை நர்ஸ் நம்ப மாட்டார். வீட்டுக்கு வந்த பல மலிவுக் கருவிகளில் அலை போய் எண் மட்டும் மிஞ்சியது.

இரண்டாவது குறை பெரியது. அந்த 110-ம் 25-ம் எங்கிருந்து வந்தன? இயற்பியலிலிருந்து நேராக வந்தவை இல்லை. ஒளி சதையில் சிதறுவதால் தியரியில் வரும் கோடு நிஜத்தில் பொருந்தாது. அதனால் ஆரோக்கியமான தன்னார்வலர்களைப் படுக்கவைத்து, மூச்சுக் காற்றில் ஆக்ஸிஜனைக் குறைத்து, தமனி ரத்தத்தையும் கருவியின் ஆர் மதிப்பையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு அட்டவணை தயாரிக்கிறது. அமெரிக்காவின் எஃப்டிஏ 2013-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, இப்படிச் சரிபார்க்கக் குறைந்தது 10 பேர், 200 அளவீடுகள் போதும். அந்தப் பத்தில் கறுத்த தோல் உள்ளவர்கள் 2 பேர் அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அது. "கறுத்த" என்றால் எவ்வளவு கறுப்பு, எதைக் கொண்டு அளப்பது? அதற்கு வரையறை இல்லை.

70 முதல் 100 வரையிலான வீச்சில் விரல் கிளிப்பின் சராசரிப் பிழை 3 புள்ளிக்குள் இருந்தால் தேர்ச்சி. பொதுவான ஐஎஸ்ஓ 80601-2-61 தரம் 4 வரைக்கும் விடுகிறது. இந்தப் பிழையைக் கணக்கிடும் முறைப்படி 3 என்றால், மூன்றில் இரண்டு பங்கு அளவீடுகள் உண்மைக்கு 3 புள்ளிக்குள் விழும். மீதி ஒரு பங்கு அதையும் தாண்டும். அதுவும் சூடான, ஆடாத, காய்ச்சல் இல்லாத கைகளில்.

மூன்றாவது, தோல் நிறம். மாடலைக் கேட்டால், நிறம் ஒரு பிரச்சினையே இல்லை என்று சொல்லும். மெலனின் துடிப்பதில்லை, மாறாத பகுதியில்தான் இருக்கிறது, வகுக்கும்போது அடிபட்டுப் போகும். காகிதத்தில் அழகான வாதம். ஆனால் எல்இடி ஒரே ஒரு அலைநீளத்தில் எரிவதில்லை, கொஞ்சம் பரவலாக எரிகிறது. குறைந்த அலைநீளத்தை மெலனின் அதிகமாக விழுங்குகிறது. ஆக, கறுத்த தோலைத் தாண்டி வரும் சிவப்பு, அட்டவணை தயாரித்தபோது இருந்த அதே சிவப்பு இல்லை. வரும் ஒளியும் குறைவு, நாய்ஸின் பங்கு கூடுதல்.

இது 1990-இலிருந்தே ஆய்விதழ்களில் இருக்கிற விஷயம். 2005-இல் பிக்லர், ஃபைனர், செவரிங்ஹாஸ் மூவரும் மறுபடி அளந்து காட்டினார்கள். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஷோடிங் குழு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட பிறகுதான் சத்தம் கேட்டது: கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தத்தில் உண்மையான செறிவு 88-க்குக் கீழே இருந்தது, வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். 2022-இல் கோவிட் நோயாளிகளை வைத்துச் செய்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, கருவி "ஆசியர்"களுக்குச் சராசரியாக 1.7 புள்ளி கூடுதலாகக் காட்டியது என்றது. ஆய்வு நல்ல ஆய்வுதான். ஆனால் "ஆசியர்" என்ற ஒரே பெட்டியில் ஜப்பானியரும் தமிழரும் சேர்ந்து உட்கார்ந்தால் அந்த 1.7 யாருடைய 1.7? என் மாமாவின் தோலைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. இனம் வேறு, நிறம் வேறு. ஒளிக்குத் தெரிவது நிறம் மட்டும்தான்.

சாயம் படிந்த நகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெத்திலீன் நீலத்தை ரத்தத்தில் செலுத்தினால் கருவி தடாலென்று குறைவாகக் காட்டும், ஏனென்றால் அந்தச் சாயம் ரத்தத்தோடு சேர்ந்து துடிக்கிறது. நகத்தின் மேல் இருக்கிற நீலம் துடிப்பதில்லை, எனவே தியரிப்படி அடிபட்டுவிடும். நகப்பூச்சை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் வித்தியாசம் பெரும்பாலும் சிறியதுதான். மாமாவின் 95-க்குச் சாயம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கறுத்த தோல், கறை படிந்த நகம், காய்ச்சலில் சுருங்கிய ரத்த ஓட்டம் எல்லாம் ஒரே விரலில் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதை அந்தப் பத்துப் பேர் சோதனை கேட்கவே இல்லை என்பதுதான் என் வாதம்.

நான்காவது குறை கருவி மேல் இல்லை, நம் மேல். 2021 ஏப்ரலில் எய்ம்ஸ்–ஐசிஎம்ஆர் பணிக்குழு வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியை எடுத்துப் பாருங்கள். மிதமான நோய் என்பதற்கு 90 முதல் 93 என்ற எண் இருக்கிறது. அதே இடத்தில், "அல்லது" போட்டு, நிமிஷத்துக்கு 24 அல்லது அதற்கு மேல் மூச்சு என்றும் இருக்கிறது. இரண்டில் எது வந்தாலும் ஆஸ்பத்திரி வார்டு. வழிகாட்டி எழுதியவர்கள் எண்ணை மட்டும் நம்பச் சொல்லவில்லை. நாம்தான் பாதியைப் படித்தோம். மூச்சை எண்ண ஒரு கடிகாரம் போதும், அட்டவணை வேண்டாம், நிறம் பிரச்சினை இல்லை. ஆனால் அதற்குத் திரை இல்லை, அதனால் மதிப்பும் இல்லாமல் போச்சு.

சித்த மருத்துவத்திலும் நாடி எட்டில் ஒன்றுதான். ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று மற்ற ஏழும் கூட வரும். அந்த முறையின் முடிவுகளை நான் ஏற்கிறேனா என்பது வேறு விவாதம். ஒரு துடிப்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்கிற ஒழுங்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அத்தை அன்று செய்தது அதைத்தான்.

சரி, என்ன செய்யலாம்? எஃப்டிஏ 2025 ஜனவரியில் ஒரு புதிய வரைவை வெளியிட்டது. 10 பேருக்குப் பதில் 150 பேர், தோலைப் பத்து நிறப்படிகள் கொண்ட மாங்க் அளவுகோலில் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வகம் திறந்த ஆக்ஸிமெட்ரி என்ற திட்டத்தில் கருவிகளைச் சோதித்துத் தரவைப் பொதுவில் வைக்கிறது. நல்ல திசை. ஆனால் அங்கே 150 பேரை அளந்தால் நம் கேள்வி தீர்ந்துவிடாது. நம்ம ஊர் விரல்களை நாம்தான் அளக்க வேண்டும். சென்னை ஐஐடியின் மருத்துவத் தொழில்நுட்ப மையம் துடிப்பு அல்ட்ராசவுண்டை வைத்துத் தமனியின் விறைப்பை அளக்கும் கருவியையே செய்திருக்கிறது. திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் தினமும் தமனி ரத்தம் எடுக்கிறார்கள், அதே நேரம் விரலில் கிளிப்பும் இருக்கிறது. இரண்டு எண்ணையும், கூடவே தோலின் நிறத்தையும் ஒரே வரியில் முறையாகப் பதிந்து வைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அதுவரைக்கும் வீட்டில்? கையைத் துடைத்துச் சூடாக்கி, ஆடாமல், ஒரே கருவியில் பாருங்கள். ஒரு தடவை வந்த எண்ணைவிட, காலையிலிருந்து மாலைக்குள் அது எவ்வளவு இறங்கியது என்பது முக்கியம். கூடவே மூச்சை எண்ணுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், திரையைத் தள்ளிவைத்துவிட்டு மூச்சை நம்பி டாக்டரிடம் போங்கள்.

மாமாவிடம் இதையெல்லாம் போன வாரம் சொன்னேன். விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "புதுச் சாயம் வந்தா முதல்ல நம்ம பட்டுல ஒரு கழி நனைச்சுப் பாத்துட்டுத்தான் முழுசா போடுவோம். இத மட்டும் பாக்காமலேயே மாட்டிக்கிட்டோம்" என்றார்.