ரசூல் காதெமின் கால்பிடி

ரஷ்ய மல்யுத்த வீரர் கரேலின் தரையில் கிடக்கும் எதிராளியைப் பெயர்த்தெடுத்து வீசுவதைப் பார்த்து வாய்பிளக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. கிரேக்க-ரோமன் என்றால் உயிரை விடுவார்கள். அந்தத் தூக்கல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாணியில் இடுப்புக்குக் கீழே தொடக்கூடாது என்றதுமே மல்யுத்தத்தில் பாதி போய்விடுகிறது என்பது என் கட்சி. காலைக் கவ்வ விடும் ஃப்ரீஸ்டைலின் கள்ளத்தனம் வேண்டும் எனக்கு.

அதற்கு ஈரானியர்களிடம்தான் போக வேண்டும். ஒற்றைக் கால் பிடியைப் பாருங்கள். பிடரியில் கை வைத்து லேசாகக் கீழே ஓர் இழுப்பு. எதிராளி நிமிரப் பார்ப்பான். அதற்காக முன்காலை ஊன்றுவான். ஊன்றிய கால்தான் இரை. முழங்கால் விரிப்பைத் தொடும்போதே தலை அவன் விலாவில் ஒட்டியிருக்கும், இரண்டு கைகளும் அவன் முழங்காலுக்குப் பின்னே பூட்டியிருக்கும். ஈரானின் மல்யுத்த ஜாம்பவான் தக்தியின் ஊரில் இது பால்பாடம்.

இந்த மரபில் எனக்குப் பிடித்தவர் ரசூல் காதெம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் வெண்கலம், 1994, 1995-இல் உலகப் பட்டம். 1996 அட்லாண்டாவில் 90 கிலோ இறுதியில் அவர் வென்றது யாரை? இரண்டு ஒலிம்பிக் தங்கமும் ஐந்து உலகப் பட்டமும் வைத்திருந்த மகர்பெக் கதார்த்சேவை! ரசூலும் அவர் அண்ணனும் பார்சிலோனா, அட்லாண்டா இரண்டிலுமே பதக்கம் வாங்கினார்கள் என்பது உபரிச் செய்தி.

பிறகு வந்த ஃப்ரீஸ்டைலைப் பார்த்து நொந்ததுதான் மிச்சம். 2005 முதல் சில வருடங்கள், இரண்டு நிமிடச் சுற்று புள்ளியே இல்லாமல் சமனில் முடிந்தால் பையிலிருந்து பந்தெடுத்து, ஜெயித்தவன் கையில் எதிராளியின் காலைக் கொடுத்தார்கள். உழைத்துப் பிடிக்க வேண்டிய காலைக் குலுக்கலில் கொடுத்தால் அதற்குப் பெயர் மல்யுத்தமா? 2013-இல் அந்தக் கூத்து ஒழிந்தது. இப்போதோ வட்டத்துக்கு வெளியே தள்ளியே புள்ளி சேர்க்கிறார்கள்.

ரசூல் பின்னாளில் ஈரான் மல்யுத்தச் சம்மேளனத் தலைவரானார். 2017 நவம்பரில், போலந்தில் நடந்த 23 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில், அடுத்து இஸ்ரேல் வீரருடன் மோத நேரும் என்பதால் அலிரெசா கரீமியைத் தோற்கச் சொன்னார்கள். வீரருக்கு ஆறு மாதத் தடை, பயிற்சியாளருக்கு இரண்டு ஆண்டு. இஸ்ரேலியருடன் மோதக்கூடாது என்ற கொள்கையை வகுத்தவர்களுக்கு ஒன்றுமில்லை. சில மாதங்களில் ரசூல் பதவி விலகினார். இப்போது அந்த நாற்காலியில் இருக்கும் அலிரெசா தபீரும் சிட்னியில் தங்கம் வென்றவர்தான். இருந்தாலும் என் ஓட்டு ரசூலுக்கே.