யாருடைய சாதாரண நாள்?

அன்றாட வாழ்க்கையைச் சிரிப்போடு காட்டும் ஜப்பானிய அனிமேக்களை ‘ஒன்றுமே நடக்காத கதைகள்’ என்று ஒதுக்குவது நம் இலக்கியக் கூட்டங்களில் வழக்கமாகிவிட்டது. பள்ளிப் பெண்கள் நால்வர் தேநீர் குடிக்கிறார்கள், கேக் தின்கிறார்கள், அரட்டை அடிக்கிறார்கள். இதைப் பார்க்க ஒருவருக்கு எப்படி நேரம் வாய்க்கிறது என்கிறார்கள். இத்தொடர்களை நேசிக்கும் இளையவர்களின் பதிலும் எனக்கு உவப்பானதல்ல. களைத்த மனதுக்கு இது மருந்தாம். முதல் தரப்பு இவற்றைப் பார்ப்பதே இல்லை. இரண்டாம் தரப்பு, பார்த்த பிறகும் ஒரு கலையை மாத்திரையாகச் சுருக்கிவிடுகிறது.

அசோகமித்திரனின் வாசகர்களுக்கு இந்தச் சண்டை பழக்கமானது. ‘தண்ணீர்’ 1973இல் நூலாக வந்தது. அதில் ஜமுனாவும் சாயாவும் குடத்தோடு அலைவதைப் படித்துவிட்டு ‘இதில் கதை எங்கே?’ என்று கேட்டவர்களின் வாரிசுகள்தாம் இன்று அனிமேயிடம் அதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

இந்த வகையின் முன்கதை நீளமானது. மச்சிகோ ஹசெகாவா 1946இல் வரையத் தொடங்கிய ‘சசாஏ-சான்’ 1969இல் தொலைக்காட்சிக்கு வந்தது, இன்னும் ஓடுகிறது. 1974இல் இசாவோ தகஹதாவின் ‘ஹைடி’, ரொட்டியின் மேல் உருகும் பாலாடைக்கட்டியைக்கூட ஒரு நிகழ்வாக்கியது. 1992இல் வந்த ‘கிரேயான் ஷின்-சான்’ பெற்றோரையும் பிள்ளைகளையும் எதிரெதிரே நிறுத்தியது. இந்தியாவில் 2008இல் அதைத் தடை செய்தார்கள்; அடுத்த ஆண்டு வெட்டுகளோடு திரும்பி வந்தது. ஐந்து வயதுப் பையன் ஒருவனின் வீட்டுக் கூத்துக்கு ஓர் அரசு அசைந்துகொடுத்தது. ஒன்றுமே நடக்காத கதைக்கு இத்தனை பயமா?

நான் நின்று பேச விரும்பும் காலம் 2009 முதல் 2011 வரை. கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் 2009இல் ‘கே-ஆன்!’ தொடரைத் தந்தது. இயக்குநர் நவோகோ யமதாவுக்கு அதுவே முதல் தொடர். இசை பயில வேண்டிய பெண்கள் தேநீர் மேசையை விட்டு எழுவதில்லை என்பதுதான் அதன் மீதான நிரந்தரக் குற்றச்சாட்டு. ஆனால் யமதாவின் கேமரா முகங்களை விட்டு அடிக்கடி கால்களுக்கு இறங்கும். தயங்கும் கால், அவசரப்படும் கால், பிரிய மனமின்றி நிலத்தைத் தேய்க்கும் கால். 2010இன் இரண்டாம் பருவத்தில் மூத்தவர்கள் நால்வரும் பள்ளி முடிக்கிறார்கள்; இளையவள் அசுசா மட்டும் பள்ளியில் தனித்து நிற்கிறாள். அதுவரை வீணாகக் கழிந்ததாகத் தோன்றிய பிற்பகல்களெல்லாம் அப்போது திரும்பக் கிடைக்காத பொருள்களாகின்றன. இதை ஒன்றும் நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? காலம் நடந்திருக்கிறது.

2011இல் அதே நிறுவனம் ‘நிச்சிஜோ’வை எடுத்தது. மதிய உணவுப் பெட்டியிலிருந்து தவறி விழும் சாசேஜ் துண்டைப் பிடிக்க ஒருத்தி பாய்வதை, போர்க்காட்சிக்குரிய அத்தனை உழைப்போடு வரைந்தார்கள். ஜப்பானில் வட்டு விற்பனை ஏமாற்றியது. வெளிநாட்டு ரசிகர்கள்தாம் பிறகு அதைத் தூக்கிக் கொண்டாடினார்கள். அதன் பாத்திரங்களை வடிவமைத்த ஃபுதோஷி நிஷியா, 2019 ஜூலை 18 அன்று அந்நிறுவனத்துக்கு ஒருவன் வைத்த தீயில் மாண்ட 36 பேரில் ஒருவர். இந்த எளிய சிரிப்புகளுக்குப் பின்னால் எத்தனை தேர்ந்த கைகள் இருந்தன என்பதை உலகம் அன்று தாமதமாக அறிந்துகொண்டது.

பின்னர் வந்தவற்றில் பெரும்பகுதி சோம்பேறித்தனமான நகல். அழகிய முகங்கள், அழகிய மழை, எவரும் வளராத வகுப்பறை. எதிர்ப்பாளர்கள் பொதுவாக இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் முழு வகைக்கும் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவின் முதல் உள்ளூர்க் கார்ட்டூன் குறும்படமான ‘ஹிகாயத் சங் கஞ்சில்’ 1983இல் ஒளிபரப்பானது. அரசுத் திரைப்பட நிறுவனமான பிலெம் நெகாராவில் அதை உருவாக்கியவர் ஆனந்தம் சேவியர். அந்தப் பெயரை நம் இதழ்கள் எத்தனை முறை எழுதியிருக்கின்றன? கேலிச்சித்திரக்காரர் லாட்டின் ‘கம்போங் பாய்’ 1979இல் நூலாக வந்தது. பேராக் கம்பத்துப் பையனின் குறும்புகள்தாம் அதில் முழுக்க. ஆனால் ஈயம் தோண்டும் கப்பலின் இரைச்சல் ஊரை நெருங்கிக்கொண்டே இருக்கிறது, பையன் கடைசியில் விடுதிப் பள்ளிக்குப் போய்விடுகிறான். இலேசான கதைக்கு எடை எங்கிருந்து வரும் என்று லாட்டுக்குத் தெரிந்திருந்தது.

2007 நோன்பு மாதத்தில் தொடங்கிய, இரட்டைச் சிறுவர்களைப் பற்றிய ‘உபின் இபின்’ தொடரை நம் வீட்டுப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நானும் ரசிக்கிறேன். முத்து மாமா உணவுக்கடை வைத்திருக்கிறார். மகன் ராஜுவுக்கு ஒரு மாடு உண்டு. அன்பான சித்திரிப்புத்தான். ஆனால் கடை மூடிய பிறகு அந்தத் தகப்பனும் மகனும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது தொடரின் அக்கறையாக இல்லை. அவர்களுடைய நாள், மற்றவர்கள் வந்து போகும் இடமாக மட்டும் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாகியும் இரட்டையர்கள் பாலர் பள்ளியை விட்டு நகரவுமில்லை.

பார்வையாளர்கள் பிளவுபடும் காரணம் இங்கேதான் என்று நினைக்கிறேன். சாதாரண நாள் என்பது எல்லோருக்கும் சமமாகக் கிடைத்த சொத்தல்ல. மலேசியத் தமிழ்ப் புனைகதை சயாம் மரண ரயிலையும் தோட்டத் துண்டாடலையும் எழுதியது, எழுதித்தான் ஆகவேண்டும். ஆனால் துயரம் இருந்தால் மட்டுமே தமிழன் கதைக்குள் வரலாம் என்ற எழுதாத விதியும் கூடவே உருவாகிவிட்டது. ஆக, இலக்கியத்தில் நாம் பாதிக்கப்பட்டவர்கள். கார்ட்டூனில் பக்கத்துக் கடைக்காரர்கள். இரண்டுக்கும் நடுவே, செவ்வாய்க்கிழமை மாலை வீட்டு வாசலில் உட்கார்ந்து சும்மா சிரித்துக்கொண்டிருக்கும் தமிழ்க் குடும்பம் எங்கே? அந்த மாலையைத் தன்னுடையதாகத் திரையில் கண்டவனுக்கு இவ்வகைத் தொடர் இனிக்கிறது. ஒருபோதும் காணாதவனுக்கு அது பிறருடைய சலுகையாகத் தெரிகிறது, எரிச்சல் வருகிறது. எரிச்சல் நியாயமானதே. அதை வைத்துக்கொண்டு இலேசான கதையே வேண்டாம் என்பதுதான் தவறு.

சிம்பாங் ரெங்கம் என்ற ஊரையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்களுக்குத் தடுப்பு முகாம் நினைவுக்கு வரும், அல்லது நெடுஞ்சாலைப் பெயர்ப்பலகை. செம்பனையும் அன்னாசியும் சூழ்ந்த இந்த ஊரின் சுத்திகரிப்பு நிலையம், குப்பைமேட்டுக் கழிவுநீரால் பெனுட் ஆற்றில் அம்மோனியா ஏறிப் பலமுறை மூடப்பட்டது. இதை எழுத நம்மவர்களில் ஒருவர் உட்கார்ந்தால் வருவது ஆவேசக் கட்டுரையாக, இல்லையேல் சோகக் கதையாக இருக்கும். தண்ணீர் லாரிக்கு முன் வரிசையில் நிற்கும் இரண்டு அக்காக்களின் கிண்டலையும், வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடும் பையனையும் ஆவேசம் தவறவிடுகிறது. சிரிப்பு அந்த அம்மோனியாவை மறைக்காது; ஊர் அதோடு எப்படி வாழ்ந்தது என்பதைச் சொல்லும்.

நமக்கு இப்போது தேவை அப்படிப்பட்ட தொடர், அப்படிப்பட்ட கதைகள். ஒரு நிபந்தனை மட்டும்: பிள்ளைகள் வளர வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடிக்கும் நான்கு நண்பர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மலாய்மொழியில் தேறிய இருவர் நேராக முதலாம் படிவம் போவார்கள். மற்ற இருவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்காருவார்கள். ஒரே பள்ளி வளாகம், ஒரே சிற்றுண்டிச்சாலை, ஆனால் இப்போது ஒரு வகுப்பு இடைவெளி. வில்லன் வேண்டாம், மரணம் வேண்டாம். மீ கோரேங் தட்டை யார் பக்கம் நகர்த்துவது என்பதிலேயே ஒரு முழுப் பருவத்துக்கான கதை கிடக்கிறது.