கலப்புமுறைக் கற்றலும் முதுநிலை மொழியியல் பாடங்களும்: ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

நேரடி வகுப்பையும் இணையவழிக் கற்பித்தலையும் ஒரே பாடத்துள் இணைத்து நடத்தும் முறை கலப்புமுறைக் கற்றல் எனப்படுகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இம்முறைக்கு இடமளித்தது. அதனையொட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு கருத்துக் குறிப்பை வெளியிட்டது. ஒரு பாடத்தில் 40 விழுக்காடு வரை இணையவழியிலும் எஞ்சிய பகுதியை நேரடி வகுப்பிலும் நடத்தலாம் என்பது அக்குறிப்பின் மையப் பரிந்துரையாகும். இவ்வளவுகோலை முதுநிலை மொழியியல், மொழிபெயர்ப்பியல் பாடங்களோடு பொருத்திப் பார்ப்பதும், கலப்பின் அளவை எது தீர்மானிக்க வேண்டும் என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அளவும் தன்மையும்

கலப்புமுறை என்பது இருமுறைகளின் வெறும் சேர்க்கை அன்று என்பதையும், இரண்டிலும் நிகழும் பயனுள்ள செயல்களைத் திட்டமிட்டு ஒருங்கிணைப்பதே அது என்பதையும் அக்குறிப்பே வலியுறுத்துகிறது. இக்கருத்தில் யாருக்கும் மறுப்பு இருக்க இயலாது. ஆனால் இதே குறிப்பு கலப்பை விழுக்காட்டால் அளக்கும்போது, தன்மை பின்தள்ளப்பட்டு அளவு முன்னிற்கிறது. 40 விழுக்காடு என்பது உச்ச வரம்பே தவிரக் கட்டாயம் அன்று என்பது உண்மை. எனினும் விழுக்காடு கால அட்டவணையில் எளிதாக இடம்பெறும். செயலின் தன்மை அவ்வாறு இடம்பெறுவதில்லை.

நன்னூல் புணர்ச்சியை இயல்பு, விகாரம் எனப் பகுத்து, விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக விரிக்கிறது. வகுப்பில் நிகழ்த்தும் உரையை மாற்றமின்றித் திரைக்குக் கொண்டுசெல்வது இயல்புப் புணர்ச்சியை ஒத்தது. இரண்டும் அருகருகே நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை மாற்றவில்லை. கலப்பு உண்மையில் நிகழ்ந்தால் சில செயல்கள் புதிதாகத் தோன்ற வேண்டும். சில திரிய வேண்டும். சில கெட வேண்டும்.

இம்முறைக்கு ஆதரவாகக் காட்டப்படும் ஆய்வுகளுள் ஒன்று அமெரிக்கக் கல்வித் துறை 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வு ஆகும். நேரடி வகுப்போடு ஒப்பிடுகையில் முழு இணையவழிக் கற்றலின் விளைவு திட்ட விலக்க அலகில் 0.05 என்றும், கலப்புமுறையின் விளைவு 0.35 என்றும் அது கணக்கிட்டது. ஆயினும் கலப்புமுறை வகுப்புகளில் கூடுதல் கற்றல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் சேர்ந்திருந்தமையால், இவ்வேறுபாட்டை ஊடகத்தின் பயனாகக் கொள்ளலாகாது என ஆய்வாளர்களே எச்சரித்தனர். எடுத்துக்காட்டுவோர் எண்ணைக் கூறி எச்சரிக்கையை விட்டுவிடுவது முறையன்று.

3. திரைக்கு அடங்காத பயிற்சிகள்

இணையத்தில் செய்தி, வகுப்பில் விவாதம் என்னும் பங்கீடு பொதுவாக முன்வைக்கப்படுகிறது. மொழியியலைப் பொறுத்தவரை இப்பங்கீடு முழுமையாகப் பொருந்தவில்லை. ஒலியியல் பயிற்சியை முதலில் நோக்கலாம். ஸகர உரசொலியின் ஆற்றல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்சுக்கு மேல் அமைகிறது. பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்சு வரையே கடத்தியது. ஆகவே அதில் ஸகரமும் ஃபகரமும் மயங்கின. இன்றைய இணையவழி உரையாடல் இதனினும் விரிந்த வீச்சைக் கடத்தவல்லது. ஆனால் இணைப்பின் வேகம் குறையும்போது வீச்சும் சுருக்கப்படுகிறது. இரைச்சலைக் களையும் மென்பொருள் உரசொலியையும் மெலிந்த மூச்சொலியையும் இரைச்சலாகக் கருதிக் குறைத்துவிடவும் கூடும். மாணவர் தவறாக ஒலிபெயர்த்தால், பிழை செவியினதா இணைப்பினதா என்று ஆசிரியரால் கூற முடிவதில்லை. பயிற்சியின் பயனே இங்குக் கேள்விக்குள்ளாகிறது.

களஆய்வு முறைப் பாடமும் இத்தகையதே. சுட்டுச் சொற்களைத் திரட்டுவதை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத் தமிழில் இது, அது என்பனவற்றோடு உது என்பதும் வழக்கில் உள்ளது. அது கேட்போர் அருகில் உள்ளதையோ இடைப்பட்ட தொலைவில் உள்ளதையோ சுட்டும். இம்மூன்றன் எல்லைகளைக் காண, தகவலாளரும் ஆய்வாளரும் ஒரே இடத்தில் அமர்ந்து, பொருள்களை நகர்த்தி வைத்துக் கேட்க வேண்டும். திரையின் இருபுறமும் இருப்போருக்குப் பொதுவான இடம் இல்லை. ஒருவரின் அருகாமை மற்றவருக்கு அருகாமை அன்று. எனவே தரவே சிதைகிறது. விவாதமும் விளக்கமும் எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் இச்சிதைவை ஈடுசெய்ய இயலாது.

4. எழுத்துவழி விவாதத்தின் வலிமை

மொழிபெயர்ப்புப் பயிற்சியின் நிலை இதற்கு நேர்மாறானது. ஆங்கிலப் பகுதி ஒன்றில் தன்மைப் பன்மை வருகிறது எனக் கொள்வோம். தமிழில் அது நாம் என்றோ நாங்கள் என்றோ அமைய வேண்டும். கேட்போர் உட்பட்டவரா அல்லரா என்பதைப் பனுவல் முழுவதையும் நோக்கியே துணிய முடியும். வகுப்பில் இதனை விவாதிக்கும்போது முதலில் பேசுபவரின் தெரிவு பிறருடைய தெரிவுகளைப் பெரிதும் கட்டுப்படுத்துகிறது. பேசத் தயங்கும் மாணவரின் மாற்று வடிவம் வெளிவராமலே போகிறது.

மாறாக, ஒவ்வொருவரும் தம் வரைவை ஒரு பொது ஆவணத்தில் இட்டு, பிறர் வரைவுகளுக்குக் காரணத்துடன் குறிப்பெழுதும்போது மூன்று நன்மைகள் விளைகின்றன. அகராதியையும் தரவகத்தையும் நோக்கி விடை காண நேரம் கிடைக்கிறது. தெரிவுக்கான காரணம் எழுத்தில் பதிவாகிறது. திருத்தத்தின் படிநிலைகள் அழியாமல் நிற்கின்றன. இறுதி வடிவத்தை மட்டும் மதிப்பிட்ட நிலை மாறி, அவ்வடிவம் உருவான முறையையும் மதிப்பிட வழி பிறக்கிறது. இப்பாடத்தில் 40 விழுக்காடு என்னும் வரம்பு தேவையற்ற தடையாகவே அமையும்.

பதிவு செய்யப்பட்ட விரிவுரை பற்றியும் ஒன்று கூற வேண்டும். நேர்வகுப்பில் ஆசிரியர் எழுத்துத் தமிழில் வரையறை கூறிப் பேச்சுத் தமிழில் விளக்குகிறார்; மாணவர் முகக்குறிப்பைக் கண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறார். படப்பதிவில் கேட்போர் எதிரில் இல்லாமையால் உரை மேடைத் தமிழாக இறுகிவிடுகிறது. இரட்டை வழக்குச் சூழலில் விளக்கம் பெரும்பாலும் பேச்சு வழக்கின் வழியே நிகழ்கிறது என்பதால் இவ்விழப்பு சிறிதன்று.

5. கருவியும் பணிச்சுமையும்

2017-18இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75ஆம் சுற்றின்படி, கணினி இருந்த குடும்பங்கள் இந்திய அளவில் 10.7 விழுக்காடு, ஊரகத்தில் 4.4 விழுக்காடு மட்டுமே. அதன்பின் கைப்பேசி பெரிதும் பரவியுள்ளது. ஆனால் கைப்பேசி கணினிக்கு நிகராகாது. ஒலி அலைகளைப் பகுத்தாய உதவும் பிராட் மென்பொருள் இலவசமாகக் கிடைத்தாலும் கணினிக்கென உருவாக்கப்பட்டது. கைப்பேசி மட்டுமே உள்ள மாணவர் விரிவுரையைப் பார்க்கலாம். பகுப்பாய்வைச் செய்ய இயலாது. ஆய்வகத்தின் நேரத்தைக் குறைத்து அதனை இணையவழி நேரமாகக் கணக்கிட்டால், பாடத்தின் செயல்முறைப் பகுதி கணினி உடையோர்க்கு மட்டும் உரியதாகிவிடும்.

ஆசிரியரின் உழைப்பும் கணக்கிடத்தக்கது. மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தலை வகுத்தது. 30 மாணவர்களின் வரைவுகளுக்கு, ஒன்றுக்கு 20 நிமிடம் வீதம் வாரந்தோறும் குறிப்பெழுதினால் 10 மணி நேரம் தேவைப்படும். இவ்வுழைப்பைக் கற்பித்தல் நேரமாக ஏற்காவிட்டால் எழுத்துவழி விவாதம் நாளடைவில் கைவிடப்படும். பதிவு செய்த உரையும் பலவுள் தெரிக வினாக்களுமே எஞ்சும்.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால், கலப்பின் அளவைப் பாடத்தின் மொத்த நேரத்தைக் கொண்டன்றி ஒவ்வொரு செயலையும் கொண்டே துணிய வேண்டும் என்பது பெறப்படும். அதற்கு மூன்று வினாக்கள் போதுமானவை. இச்செயலுக்குப் பொதுவான இடமும் சிதையாத ஒலியும் தேவையா? இதற்கு நீண்ட நேரமும் எழுத்துப் பதிவும் தேவையா? மாணவர் கையில் உள்ள கருவி இதற்குப் போதுமா? முதல் வினாவிற்கு ஆம் என்றால் அது வகுப்பறைக்கு உரியது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஆம் என்றால் இணையத்திற்கு உரியது. மூன்றாவதற்கு இல்லை என்றால், கருவியைத் தரும் பொறுப்பு நிறுவனத்தைச் சாரும், மாணவரைச் சாராது.

இவ்வாறு வகுத்தால் ஒலியியலில் இணையவழிப் பகுதி 10 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்கலாம். மொழிபெயர்ப்புப் பயிற்சியில் அது 60 விழுக்காட்டை எட்டலாம். பாடத்திட்டக் குழுக்கள் விழுக்காட்டை முதலில் எழுதிவிட்டுச் செயல்களைப் பின்னர் நிரப்புவதைத் தவிர்த்து, செயல்களைப் பட்டியலிட்ட பின் விழுக்காட்டைக் கணக்கிடுவதே முறையாகும். எழுத்தால் கற்கத்தக்கதையும் செவியால் மட்டுமே கற்கத்தக்கதையும் வேறுபடுத்திக் காட்டுவது மொழியியலாளரின் தொழில். அவ்வேறுபாட்டைத் தம் பாடத்திட்டத்திலும் காட்டும் கடமை அவர்களுக்கு உண்டு.