பாதி படித்த நூலும் பகிரத் தக்கதே

"இப்போது என்ன நூல் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று நூலன்பர் ஒருவர் மற்றொருவரைக் கேட்பது வழக்கம். கேள்வி எளியது, விடைதான் எளிதாக வருவதில்லை. பெரும்பாலோர் நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றனர். வேறு சிலர், "இன்னும் முடிக்கவில்லை, முடித்தபின் சொல்கிறேன்" என்று தள்ளிவைக்கின்றனர். முன்னதால் கேட்டவருக்குப் பயன் இல்லை. பின்னதால் படிப்பவருக்கே இழப்பு. ஐயமும் வியப்பும் ஆறிப்போகுமுன், படிக்கும் பொழுதிலேயே பிறரோடு பகிர்ந்துகொள்வது நம் முன்னோர் அறிந்திருந்த வாசிப்பு முறையாகும். அதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் சீறாப்புராணமே போதும்.

உமறுப் புலவரின் இக்காப்பியம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களும், 92 படலங்களும், 5027 பாடல்களும் கொண்டது. வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கி, அவர் மறைந்தபின் அபுல் காசிம் மரைக்காயரின் துணையால் வளர்ந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அவ்வளவு வளர்ந்தும் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வு முழுவதும் அதில் இடம்பெறவில்லை. ஹிஜ்ரத்துக்குப் பின் சில ஆண்டுகளின் நிகழ்ச்சிகளோடு நூல் நின்றுவிடுகிறது. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகுமது மரைக்காயர் சின்னச் சீறாவாகப் பாடினார். நாம் பெருமையோடு போற்றும் காப்பியமே முற்றுப்பெறாத நூல் என்பதையும், ஒருவர் விட்ட இடத்தை மற்றொருவர் எடுத்துத் தொடர்ந்தார் என்பதையும் எண்ணினால், பாதி படித்த நூலைப் பற்றிப் பேச நாணுவதற்கு இடமில்லை.

சீறாப்புராணம் 1842இல்தான் அச்சேறியது. காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் சேகு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி அதனைப் பதிப்பித்தார். அதற்கு முன் அது ஓலைச்சுவடியில் வாழ்ந்தது. சுவடி சிலரிடமே இருந்தமையால், ஒருவர் இசையோடு படிக்க, ஒருவர் பொருள் விரிக்க, மற்றவர்கள் செவியால் கற்றனர். நம் இல்லங்களில் பெண்கள் நூறு மசலாவையும் பெண்புத்தி மாலையையும் அறிந்ததும் பெரிதும் இவ்வாறே. அச்சு வந்தது, நூல் பெருகியது. அது பெரும் நன்மையே. ஆயினும் நூல் பெருகப் பெருக அவை சுருங்கியது. 'இக்ரா' என்ற சொல்லை 'ஓதுவீராக' என்றே நாம் பொருள்கொள்கிறோம். ஓதுதல் என்பதில் ஒலியும் உண்டு, கேட்பாரும் உண்டு. வாய்மூடிப் படிக்கும் வழக்கம் அவ்விரண்டையும் நம்மிடமிருந்து மெல்லப் பறித்துக்கொண்டது.

இதனால் திறனாய்வுக்கு நேர்ந்த குறை என்ன? நாட்டுப் படலத்தை எடுத்துக்கொள்வோம். மேகம் கடல்நீரை முகந்து மலையில் பொழிகிறது. வெள்ளம் மலையிலிருந்து இறங்கி வயலில் பாய்கிறது. உழவும் நடவும் அறுவடையும் தொடர்கின்றன. கல்லூரியில் பயின்ற இளைஞர் ஒருவர் தம் அறையில் தனியே இதைப் படிக்கிறார். 'அரபு நாட்டில் இத்தனை வெள்ளமா? இத்தனை நெல்லா?' என்று ஐயுறுகிறார். மறுப்பாரும் விளக்குவாரும் அருகில் இல்லை. புலவர் மிகைபடப் பாடிவிட்டார் என்று தீர்ப்புக் கூறி நூலை மூடிவிடுகிறார்.

அதே படலம் கன்னிவாடியில் மூவர் நடுவே படிக்கப்படுவதாகக் கொள்வோம். திண்டுக்கல்லுக்கு மேற்கே மலையடிவாரத்தில் அமைந்த ஊர் அது. மலையில் மழை பெய்தால்தான் ஓடையில் நீர். ஓடையில் நீர் வந்தால்தான் குளத்துக்கும் வயலுக்கும் உயிர். அங்குள்ள உழவர், "அத்தா, இது நம்ம ஊர்த் தண்ணி வர்ற வழியாச்சே!" என்று முதியவரைப் பார்த்துச் சொல்லக்கூடும். தமிழாசிரியர், நாட்டு வளத்தோடு காப்பியம் தொடங்குதல் தமிழ் மரபு என்றும், கம்பரிடமும் இதுவே காண்கிறோம் என்றும் எடுத்துரைப்பார். ஆலிம் அவர்களோ, எது புலவரின் அணி, எது வரலாற்றுச் செய்தி என்று பிரித்துக் காட்டுவார். அப்போதுதான் உண்மை புலப்படும். உமறு அரபு நாட்டின் நில இயலை எழுத வரவில்லை. அண்ணலார் தோன்றிய மண்ணைத் தமிழ் உழவன் தன் கண்முன் காணும்படி செய்ய விழைந்தார். தனியே இருந்தபோது குறையாகத் தோன்றிய இடம், மூவர் கூடியபோது காப்பியத்தின் நோக்கமாகவே விளங்குகிறது. பாடலில் ஒரு சொல்லும் மாறவில்லை. கேட்கும் செவிகள்தாம் மூன்றாயின.

கூடிப் படித்தலில் குறையே இல்லை என்று நாம் கூறவில்லை. இரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் தம் இல்லத்தில் நடத்திய வட்டத்தொட்டி, தமிழில் நூல் நயம் பகிர்ந்த அவைகளுள் தலைசிறந்தது. ஒரு பாடலைப் பலமுறை சொல்லிச் சுவைக்கும் கலையை அது பலருக்குக் கற்பித்தது. ஆயினும் கம்பரின் பாடல்கள் பலவற்றைத் தம் சுவைக்கு ஒவ்வாதவை என்று இடைச்செருகலாக அவர் ஒதுக்கினார். அதனை அறிஞர் பலர் ஏற்கவில்லை. ஒருவர் சுவையே அவையின் சுவையாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. தலையசைப்போர் மட்டும் கூடினால் அது புகழ்மாலை சூட்டும் கூட்டமாகுமே அன்றி வாசிப்பு அவையாகாது. "எனக்கு இந்த இடம் விளங்கவில்லை" என்று துணிந்து சொல்பவர் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும்.

அவ்வாறு வினவும் உரிமைக்குச் சமய வேலியும் இல்லை. நாகூரில் பிறந்து சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு.மு. இஸ்மாயீல் அவர்கள், கம்பரைத் தாம் படித்து மகிழ்ந்ததோடு அமையாமல், சென்னைக் கம்பன் கழகத்தின் வாயிலாக அம்மகிழ்ச்சியைப் பல்லாயிரவரோடு பகிர்ந்துகொண்டார்கள். கம்பர் அவையில் முஸ்லிம் ஒருவர் தலைமை தாங்கியது போல, சீறா படிக்கும் நம் திண்ணையிலும் அண்டை வீட்டாருக்கு ஓர் இடம் இருக்கட்டும்.

இன்று கைப்பேசியில் நூலின் அட்டையைப் படமாக அனுப்புகிறோம். அதில் தவறில்லை, ஆனால் அது நூலைக் காட்டுதல், பகிர்தல் அன்று. பகிர்தல் என்பது ஒரு பாடலையும் ஓர் ஐயத்தையும் மற்றொருவர் முன் வைப்பதாகும். ஆங்கிலப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் பலருக்குச் சீறாவின் செய்யுளைப் பிரித்துப் படிக்கவே இயலவில்லை. படிக்கத் தெரிந்த பாட்டனார் மறைந்தால், அடுத்த தலைமுறை அந்நூலைப் பழைய காகிதக் கடைக்கு அனுப்பிவிடும். அதைத் தடுக்க விழாவும் மேடையும் வேண்டா. மானுக்குப் பிணை நின்ற படலத்தை இரவு உணவுக்குப்பின் ஒருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். சொன்ன சொல் தவறாமல் வேடனிடம் திரும்பி வரும் அந்த மானைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பெரியவர்கள் விடை தேடட்டும். விடை கிடைக்காவிடில் அடுத்த வீட்டாரைக் கேட்கட்டும்.

படித்து முடித்த நூல் ஒருவருக்கு நினைவாக நிற்கும். படித்துக்கொண்டிருக்கும் நூலோ ஒரு குடும்பத்துக்கே பேச்சாக வளரும். அலமாரியில் உறங்கும் சீறா அந்தப் பேச்சினால் விழிக்குமாயின், உமறுப் புலவருக்கு நாம் செய்யத்தக்க சிறப்பு அதனினும் வேறில்லை.